மிளகுப் பாக்கெட்டின் பின்பக்கம்

காலை ஏழு மணிக்குக் கள்ளக்குறிச்சியில் பேருந்து ஏறும்போதே சண்டை போடும் முடிவோடுதான் ஏறினேன். முந்தின மாலை அங்கே ஒரு கடையில் நூறு கிராம் மிளகு வாங்கியிருந்தேன். விலை நூற்று இருபது ரூபாய். பாக்கெட்டின் முன்பக்கம் பெரிதாக 'கல்வராயன் மலை மிளகு'. பின்பக்கம் எறும்பளவு ஆங்கிலத்தில், விளைந்த நாடு வியட்நாம். இறக்குமதிச் சரக்கென்றால் நாட்டின் பெயரைப் போட்டாக வேண்டும், அது சட்டம். சட்டத்துக்குப் பயந்து பின்னால் உண்மை, காசுக்காக முன்னால் பொய்! உணவுப் பாதுகாப்பு அதிகாரிக்குப் புகாரைச் செல்போனில் எழுதிவிட்டேன். அனுப்பும் முன், பாக்கெட்டில் இருந்த வெள்ளிமலை முகவரிக்காரர்களை நேரில் நாலு கேள்வி கேட்க வேண்டும்.

"இன்னா சார், பாக்கெட்ட மொறச்சிக்கினே வர்றீங்க?" என்றார் நடத்துநர். சொன்னேன்.

"வியட்நாமா? நம்ம பஸ்ஸு அவ்ளோ தூரம் போவாதுங்க."

பேருந்தே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வடக்கனந்தல், கச்சிராயபாளையம், கோமுகி அணை. பிறகு மலைப்பாதை. காது அடைத்தது. கரியாலூரில் பனி சன்னல் வழியாக உள்ளேயே வந்துவிட்டது. அத்தனை கோபத்திலும் அது பிடித்துத் தொலைத்தது.

ஒன்பதரைக்கு வெள்ளிமலை. முகவரியில் இருந்தது ஒரு தகரக் கொட்டகை. வாசலில் தார்ப்பாய் விரித்து, நான்கு பெண்கள் மிளகுக் கொத்துகளைக் காலால் மிதித்து உதிர்த்துக்கொண்டிருந்தார்கள். பின்னால் நின்ற பலாமரங்களில் உச்சிவரை மிளகுக்கொடி. மகளிர் குழுத் தலைவி மல்லிகாவிடம் அந்த வரியைப் படித்துக் காட்டினேன். மிதித்த கால்கள் நின்றன.

"வியட்நாமு எங்க கீது? யேய் காவேரி, அச்சாபீசுல இன்னாடி சொன்ன?"

காவேரி உள்ளே ஓடி வேறொரு பாக்கெட்டை எடுத்துவந்தார். "கடைல விக்கிற இத்த குடுத்து, இதே மாரி போட்டுடுங்க, பேரு, அட்ரசு, லைசென்சு நம்பரு மட்டும் மாத்துங்கன்னேன். இங்கிலீசுல ஒரு வரி ஜாஸ்தியா இருந்துச்சு. நல்லதுதானேன்னு வுட்டுட்டேன்!"

வாங்கிப் பார்த்தேன். முன்னால் அதே கல்வராயன் மலை, பின்னால் அதே வியட்நாம். ஏதோ நகரத்துக் கம்பெனி. தார்ப்பாயிலிருந்து ஒரு மிளகை எடுத்துக் கடித்தேன். மண்டைவரை ஏறியது. நான் தேடிவந்த பொய் இவர்கள் பாக்கெட்டின் பின்பக்கத்தில் இருந்தது. முன்பக்கம் சத்தியம்! குதிக்க வேண்டும்போல் இருந்தது.

மல்லிகாவுக்கு அப்படி இல்லை. "நாளைக்கு பாக்கெட்டு மூட்ட கீழ போவணும் சார். இந்த வருசத்து மொளகு முக்காவாசி அதுலதான் கீது. ஆபீசரு பாத்தா லைசென்சு பூடும். புகாரு அனுப்பிட்டீங்களா?"

"இன்னும் இல்லை."

"மேல ஸ்டிக்கர் ஒட்டிடலாமா?" என்றார் காவேரி.

"மறைக்கிறதெல்லாம் அந்த கம்பெனிகாரன் செய்யட்டும். கத்திரிய எடு" என்றார் மல்லிகா.

பாக்கெட்டுகளை அறுத்துத் திரும்பவும் சாக்கில் கொட்டினோம். நானும் உட்கார்ந்தேன். மதியம்வரை மாற்றி மாற்றித் தும்மல். "வியட்நாம் தும்மலு!" என்று ஒவ்வொரு தும்மலுக்கும் காவேரி கத்தினார்.

மாலைப் பேருந்தில் மலையிறங்கும்போது புகாரைத் திறந்தேன். நன்றாகவே எழுதியிருந்தேன். பெயரையும் முகவரியையும் மட்டும் மாற்றி அனுப்பினேன்.