பார்ட்னர் பிட்டை எடுத்த மாதம்

"…எடுக்குறது உன் இஷ்டம்க்கா, வேணாங்கல. ஆனா ஏழு வருஷம் கூடப் பறந்தவகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு எடுக்கணுமா இல்லையா?" என்றாள் பிலோமினா.

ஜோகுபாளையத்தில் நின்றுகொண்டே சாப்பிடும் ஓட்டல் அது. ஒரு காபியை இரண்டு டம்ளரில் பிரித்த பை-டூ எங்கள் நடுவே ஆறிக்கொண்டிருந்தது. அடுத்த மாத ரோஸ்டர், அதாவது டியூட்டிப் பட்டியல், வெளியாகி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

நான் எதை எடுத்தேன் என்பதைப் புதிதாக கேபின் வேலைக்கு வருகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்கு முதலில் பிட் என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன்.

விமானத்தில் பயணிகளைக் கவனிக்கும் எங்களுக்கு எந்தத் தேதியில் எந்த ஊர், எந்த நாள் லீவு என்பதை மாதா மாதம் கம்ப்யூட்டர்தான் முடிவு செய்கிறது. அதற்கு முன் நமக்கு வேண்டியதைக் கேட்கலாம். ஞாயிறு லீவு வேண்டும், விடியற்காலை ஃபிளைட் வேண்டாம், வெளியூரில் ராத்தங்கல் வேண்டாம் என்று வரிசையாகப் போட வேண்டும். அதுதான் பிட். பத்தாம் தேதி மாலை ஐந்து மணியோடு மூடிவிடுவார்கள். கேட்டதெல்லாம் கிடைக்காது. சீனியாரிட்டி நம்பர்படி மேலிருந்து கீழே கொடுத்துக்கொண்டே வரும். ரிட்டயர் ஆகிப் போன சீனியர் ஒருவர் இதைக் கல்யாணப் பந்தி என்பார். "மொத பந்திக்கு வடை, பாயசம். கடைசிப் பந்திக்கு ரசமும் இலையும்."

டிக்கெட் கவுண்டரில் இருந்துவிட்டு இருபத்தேழு வயதில் கேபினுக்கு வந்தவள் நான். என் நம்பர் முந்நூற்று எழுபது. பிலோ பத்தொன்பதிலேயே சேர்ந்தவள். அவள் நம்பர் நாற்பத்தொன்று. வயதில் நான் அக்கா, பந்தியில் அவள் அக்கா.

இந்த வேலையில் ஆள் முகத்துக்குக் குறைவில்லை. கூட வேலை செய்யும் மூன்று பேரும் ஒவ்வொரு முறையும் வேறு மூன்று பேர். பறக்கும் முன் நடக்கும் பிரீஃபிங்கில் பெயர் கேட்டுக்கொள்வோம், இறங்கும்போது மறந்துவிடுவோம். அப்புறம் ஓட்டல் அறை. ஸ்ரீராம்புரம் வீட்டிலும் நான் ஒருத்திதான். அறிவிப்பு மைக்கில் பேசியதைத் தவிர வேறெதற்கும் வாய் திறக்காத நாட்கள் உண்டு. ஆட்களின் பேச்சைக் கேட்டே வளர்ந்த எனக்கு அது பட்டினி மாதிரி.

அப்படி இருந்தபோதுதான் பிலோவோடு ஒரு கொல்கத்தா டிரிப் வந்தது. கோலார் தங்கவயல்காரி. அவள் அப்பா சுரங்கத்தில் இருந்தவர். டேக்-ஆஃபுக்கு முன், நாங்கள் உட்காரும் மடக்கு இருக்கையான ஜம்ப் சீட்டில் தன் பக்கத்து இடத்தைத் தட்டிக் காட்டினாள். "கூண்டுல ஏறி கீழ எறங்குறப்ப பக்கத்துல நிக்கிறவன்தான் சொந்தக்காரன்னு எங்கப்பா சொல்லுவாரு. இங்க மேல ஏறுறோம், அவ்ளோதான். வாக்கா, ஒக்காரு."

திரும்பி வருவதற்குள் அவளே கேட்டாள், "பார்ட்னர் பிட் போட்டுக்கலாமா?" இரண்டு பேர் ஒருவர் நம்பரை ஒருவர் போட்டு டிக் செய்தால் மாதம் முழுக்க இருவருக்கும் ஒரே ரோஸ்டர் வரும். நான் விதிப்புத்தகம் படித்துத் தொழில் கற்றவள் இல்லை. ஆட்களைக் கேட்டுக் கற்றவள். அவளையே கேட்டேன், "இதுல ஏதாச்சும் நஷ்டம் உண்டா?"

"ஒண்ணும் இல்ல, டிக் போடு."

போட்டேன். ஏழு வருடம். எந்த ஊரில் இறங்கினாலும் தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு என் அறைக்கு வந்துவிடுவாள். தூங்கும்வரை பேச்சுதான்.

அவள் கணவர் மஸ்கட்டில் வேலை பார்க்கிறார். மகள் ஜெனி மைசூரில் ஹாஸ்டலில் படித்தாள். அங்கே மாதத்தில் இரண்டாவது ஞாயிறு மட்டும்தான் பெற்றவர்களை உள்ளே விடுவார்கள். ஒரு நாள் விமானத்தின் பின்பக்கம் டீ கலந்துகொண்டே பிலோ சொன்னாள், "மூணு மாசமா போவலக்கா. சண்டே கேக்குறேன், குடுக்க மாட்டேங்குது. நேத்து போன்ல 'நீ வரலன்னாலும் பரவால்லம்மா, பழகிடுச்சு'ன்றா. அழுதிருந்தான்னா தாங்கியிருப்பேன்."

எனக்கு உறுத்தியது. நாற்பத்தொன்றாம் ஆளுக்கு ஒரு ஞாயிறு கிடைக்காதா? முதல் பந்தியிலேயே வடை தீர்ந்துபோகுமா? அடுத்த பிட் மூடும் நாளன்று ரோஸ்டர் ஆபீஸில் மஞ்சுநாத்திடம் போய்க் கேட்டேன். கன்னடக்காரர், தமிழ் நன்றாகப் பேசுவார்.

"கொத்தில்வா மேடம்? தெரியாதா உங்களுக்கு? பார்ட்னர் போட்டா ரெண்டு பேரையும் ஜூனியர் நம்பர்லதான் எடுக்கும். பேப்பர்லதான் அவங்க நாப்பத்தொண்ணு. ஏழு வருஷமா முன்னூத்தி எழுபதுல நிக்கிறாங்க." தலை நிமிராமலே சேர்த்துச் சொன்னார், "உங்களுக்காக எறங்கி வந்திருக்காங்க பாருங்க."

அவர் பாராட்டித்தான் சொன்னார். எனக்குக் காது சூடாகிவிட்டது.

மணி நாலரை. பிலோவைக் கேட்டால் வேண்டாம் என்பாள். அவள் வேண்டாம் என்றால் நான் சரி என்றுவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். அதற்குப் பயந்துதான் கேட்கவில்லை. அவள் பிட்டில் இரண்டாவது ஞாயிறுதான் முதல் வரி. அந்த மேஜை ஓரத்தில் நின்றபடியே போனைத் திறந்து பார்ட்னர் டிக்கை எடுத்தேன்.

இருபத்தைந்தாம் தேதி ரோஸ்டர் வந்தது. பிலோவுக்கு நான்கு ஞாயிறும் லீவு. எனக்கு ஆறு நாள் ஸ்டாண்ட்-பை, அதாவது யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு போன் வருமா என்று வீட்டில் காத்திருக்கும் வேலை. மிச்சமெல்லாம் விடியற்காலை ஃபிளைட்.

அந்த மாதம் அவள் மைசூருக்குப் போனாள். அதற்கப்புறம் ஒரு இரண்டாவது ஞாயிறையும் விடவில்லை. நானும் மறுபடி டிக் போடவில்லை. மூன்று வருடம் ஆகிறது. ஓட்டலில் அடுத்த அறையில் டிவி ஓடும் சத்தம் கேட்டால், என் அறையிலும் அதே சேனலை வைத்துக்கொள்கிறேன்.

புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். பார்ட்னர் பிட் போடுங்கள், தப்பில்லை. ஆனால் யார் நம்பர் யாருக்காக இறங்குகிறது என்பதை ரோஸ்டர் ஆபீஸில் கேளுங்கள். நண்பரிடம் கேட்காதீர்கள். நல்ல நண்பராக இருந்தால் உண்மையைச் சொல்ல மாட்டார்.

அன்று அந்த ஜோகுபாளையத்து ஓட்டலில் இப்படியெல்லாம் எனக்குப் பேச வரவில்லை. "உனக்கு மொதல்லயே தெரியுமா பிலோ?" என்று மட்டும் கேட்டேன்.

"தெரியாம என்ன? மொத நாளே தெரியும். என் நம்பரு, நான் யாருக்கு வேணா குடுப்பேன். வேணாம்னு சொல்ல நீ யாரு?"

"ஜெனி?" என்றேன்.

பிலோ ஆறிப்போன காபியை ஒரே மடக்கில் குடித்தாள். கையை நீட்டி என் போனை வாங்கினாள். தன் போனையும் அதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டு பேருக்கும் சேர்ந்தாற்போல் லீவு வரும் நாள் எங்கே என்று ஒன்றாம் தேதியிலிருந்து இரண்டு திரையிலும் விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே போனாள். கடைசித் தேதி வரைக்கும் விரல்கள் எங்கும் நிற்கவில்லை. மறுபடி ஒன்றாம் தேதிக்குக் கொண்டுபோனாள்.