சிக்னலைத் தேடி வந்த போலீஸ்காரி

போலீஸ் வேலையில் திருடனைத் துரத்துகிறவர்கள் உண்டு, கூட்டத்தைத் துரத்துகிறவர்கள் உண்டு. நான் கண்ணுக்கே தெரியாத ஒன்றைத் துரத்திச் சம்பளம் வாங்கியவள். டெல்லியில் வீட்டுக்கு வீடு வைஃபை வர ஆரம்பித்த புதிது அது. மிரட்டல் மெயில் அனுப்புகிறவர்கள் சொந்த இணைப்பை விட்டுவிட்டு, பாஸ்வேர்டு போடாத பக்கத்து வீட்டு வைஃபையில் புகுந்துகொண்டார்கள். அதனால் சைபர் பிரிவில் சப்-இன்ஸ்பெக்டராக இருந்த என் கையில் ஒரு லேப்டாப்பையும், முறுக்கு அச்சு மாதிரி ஒரு ஆன்டெனாவையும் கொடுத்துத் தெருவுக்கு அனுப்பினார்கள்.

அச்சை எந்தப் பக்கம் திருப்புகிறேனோ அந்தப் பக்கத்து வைஃபைகளும், அவற்றில் ஒட்டிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டர்களின் அடையாள எண்களும் திரையில் வரும். கிட்டே போகப் போக சிக்னல் கோடு உயரும். இவ்வளவுதான் வித்தை. சிக்னலுக்காக பால்கனி ஓரத்தில் ஒற்றைக் காலில் நின்றவர்களே, என் கஷ்டம் உங்களுக்குச் சொல்லாமலே புரியும்.

படம் தெரியலை

முதன்முதலாகப் போனது லோதி ரோடு அரசுக் குடியிருப்புக்கு. என்னோடு வந்தவர் இன்ஸ்பெக்டர் தஹியா. ஹரியானாக்காரர், ஆஜானுபாகு, கம்ப்யூட்டரைக் கண்டால் மட்டும் ஒதுங்கி நிற்பார். மஃப்டியில் இருந்தோம். நான் வேனுக்கு வெளியே ஆன்டெனாவைத் திருப்பிக்கொண்டிருந்தபோது ஒரு பஞ்சாபி அம்மாள் மாடியிலிருந்து இறங்கி வந்து திட்ட ஆரம்பித்தார். டி.வி.யில் படம் வரவில்லையாம், எத்தனை தடவை போன் செய்தாராம், இப்போதுதான் கேபிள்காரர்களுக்கு வழி தெரிந்ததாம்.

நாங்கள் யாரென்று தெருவில் நின்று சொல்ல முடியாது. தஹியா என்னைப் பார்த்தார், மொட்டை மாடியைப் பார்த்தார், பேசாமல் ஏறிவிட்டார். ஏதோ வயரைப் பிடித்து முறுக்க, கீழே படம் தெளிவாக வந்துவிட்டது. டீ போட்டுக் கொடுத்தார் அந்த அம்மாள். குடித்து முடித்ததும் மனசு கேட்காமல் தஹியா அடையாள அட்டையைக் காட்டினார். அம்மாள் அதை வாங்கிக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். கொஞ்சமும் அசரவில்லை.

"போலீஸா? அச்சா, அப்போ அந்தக் கேபிள்காரனை ஏன் இன்னும் பிடிக்கலை?"

தயாராக நின்ற மனிதர்

ஒரு பள்ளிக்கூடத்துக்குக் குண்டு மிரட்டல் மெயில் வந்தது. பிள்ளைகளை வெளியே கொண்டுவந்து, மூலை முடுக்கெல்லாம் தேடி, ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகு, மெயில் கிளம்பிய இணைப்பு யாருடையது என்று விசாரித்தோம். ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸ், சண்முகநாதன் என்று பெயர் வந்தது. "உங்க தமிழ் ஆளு மாதிரி இருக்கு, நீயே பேசு" என்றார் தஹியா.

முதலில் போன் செய்து வருகிறோம் என்று சொல்லியிருந்தேன். காலையில் போய்க் கதவைத் தட்டினால், சண்முகநாதன் சார் இஸ்திரி போட்ட சட்டையில், கையில் ஒரு துணிப்பையோடு நிற்கிறார். மதுரைக்காரர், ஒரு அமைச்சகத்தில் செக்‌ஷன் ஆபீசர், ரிட்டயர் ஆக இன்னும் சில மாதம்தான். பையில் பி.பி. மாத்திரை, ஒரு துண்டு, மாற்று வேட்டி.

"ஏறலாமாம்மா வண்டியில?" என்றார். "ஆபீஸுக்கு மட்டும் இப்பவே சொல்லிராதீங்க. சஸ்பெண்டுன்னு ஒரு வார்த்தை வந்துருச்சுன்னா பென்ஷன் முடங்கிப்போகும். இவளுக்கு அதை விட்டா வேற வழி கிடையாது" என்று பின்னால் நின்ற மனைவியைக் காட்டினார்.

"சார், மெயில் நீங்க அனுப்புனீங்களா?"

"எனக்கு மெயில் படிக்கத்தான்மா தெரியும். பதில் போடணும்னா பெங்களூர்ல இருக்க பையனுக்கு போன் போட்டுக் கேட்டுக்குவேன். அந்த வைஃபை டப்பாவும் அவன் மாட்டிட்டுப் போனதுதான்."

டப்பா அலமாரி மேல் பச்சை விளக்கோடு மினுக்கிக்கொண்டிருந்தது. அவர் கையைப் பிடித்து வெளியே அழைத்துப்போனேன். லேப்டாப்பைத் திறந்துவைத்தபடி படியிறங்கினோம், புல்வெளியைத் தாண்டினோம், பஸ் ஸ்டாப் வரைக்கும் நடந்தோம். அங்கேயும் அவர் வீட்டு சிக்னல் வந்துகொண்டிருந்தது. பாஸ்வேர்டு இல்லை. "இங்க பஸ்ஸுக்கு நிக்கிற யார் வேணா உங்க பேர்ல மெயில் அனுப்பலாம் சார்" என்றேன். மனிதர் அந்த சிமெண்ட் பெஞ்சிலேயே உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். தஹியாவுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொடுத்தார்.

திரும்பி வந்து, "பையை உள்ளே வையுங்க அம்மா" என்று அவர் மனைவியிடம் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு அந்த அம்மா என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப இட்லி ஊத்தவா? இவரு போயிட்டா யாருக்குன்னு அடுப்பை அணைச்சுட்டேன்."

லீவு வேண்டும்

ஆனால் அனுப்பியது யார்? டப்பாவுக்குள் பார்த்தபோது, மெயில் போன நேரத்தில் சண்முகநாதன் சாருடைய கம்ப்யூட்டர் தவிர இன்னொன்றும் ஒட்டியிருந்தது. அதன் எண் கிடைத்தது. இணைப்பைப் பூட்டாமல் அப்படியே விட்டுவைக்க அவரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு வேனில் காத்திருந்தோம். மத்தியானம் அதே எண் திரையில் வந்து உட்கார்ந்தது. நான் அச்சைத் திருப்பித் திருப்பி நடந்தேன். எதிர் பிளாக் படிக்கட்டில் கோடு ஏறியது. ஒரு வீட்டு வாசலில் அதற்கு மேல் ஏற இடமில்லாமல் நின்றது.

கதவைத் திறந்தவன் புதுமாப்பிள்ளை. அவன் மனைவி அந்தப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். இவனுக்கோ வேறு ஊருக்கு மாற்றல், கிளம்ப வேண்டிய நேரம். அவளோடு ஒரு நாளாவது சேர்ந்து இருக்க ஆசைப்பட்டுப் பள்ளிக்கூடத்துக்கே விடுமுறை விடப் பார்த்திருக்கிறான். தஹியா கோபத்தில், "எத்தனை குழந்தைங்க அழுதுச்சு தெரியுமா?" என்று கத்தினார். கைது செய்தோம், கேஸ் நடந்தது, அதில் விட்டுக்கொடுக்க எதுவும் இல்லை. ஸ்டேஷனுக்கு ஓடிவந்த அந்தப் பெண் அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினாள், பிறகு அந்தச் சட்டையிலேயே முகத்தைப் புதைத்து அழுதாள்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே லீவு போட்டிருப்பேனே, முட்டாள்!"

இன்ஸ்பெக்டர் வீடு

புதிதாக வந்த ஒரு கருவியைச் சோதித்துப் பார்க்க எங்கள் போலீஸ் குவார்ட்டர்ஸையே சுற்றினோம். பூட்டில்லாத வைஃபைகளில் ரொம்பப் பலமாக வந்தது ஒன்று. அச்சைப் பிடித்துக்கொண்டு போனால், நின்றது தஹியா வீட்டு வாசல். ஊரெல்லாம் பாஸ்வேர்டு போடச் சொல்லிப் பிரசங்கம் செய்த மனிதர் முகம் போன போக்கைப் பார்த்து நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர் மனைவி ரொட்டி மாவு ஒட்டிய கையோடு வந்து விஷயத்தைக் கேட்டார்.

"போலீஸ் வீட்டுக்குள்ள எவன் வருவான்னு வாசக் கதவையே தாழ் போடவிடாத ஆளு, இதுக்கு மட்டும் பூட்டு கேக்குறாரா?"

நாளைக்கும் வேணும்

சில சமயம் தேடுவது குற்றவாளியை இல்லை. ஒரு பேங்கில் காவலாளியாக இருந்த கர்வால் மலைப்பக்கத்துப் பெரியவர், மகள் காணவில்லை என்று புகார் கொடுத்தார். மேஜரான பெண், வேலைக்குப் போகிறவள். அவளுக்குப் பிடிக்காத இடத்தில் கல்யாணம் பேசியதும் கிளம்பிப் போய்விட்டாள். தங்கைக்கு மட்டும் தினமும் ஒரு மெயில்: 'நல்லா இருக்கேன்.' அவளே எழுதுகிறாளா, யாராவது எழுத வைக்கிறார்களா என்பதுதான் பயம்.

மெயில்கள் வந்த இணைப்பு, சரோஜினி நகர் மார்க்கெட்டை ஒட்டிய சந்தில் ஒரு பல் டாக்டருடையது. அவருக்கு அந்தப் பெண்ணைத் தெரியவே தெரியாது. அச்சை மாடிப்பக்கம் திருப்பினேன். மேலே பெண்கள் விடுதி. கோடு உச்சிக்குப் போன அறைக் கதவைத் திறந்தவள் அந்தப் பெண்தான். போலீஸ் என்றதும், "என்னைக் கூட்டிட்டுப் போகப்போறீங்களா?" என்று கட்டில் காலைப் பிடித்துக்கொண்டாள். தஹியா வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. "மகளே, நீ பெரிய பொண்ணு. உன்னை யாரும் இழுத்துட்டுப் போக முடியாது. நல்லா இருக்கேன்னு உன் வாயால சொல்லு, எழுதிக் கொடு, போதும்" என்றார். அவளும் எழுதிக் கொடுத்தாள். விலாசத்தை அப்பாவிடம் சொல்ல வேண்டாம் என்றாள்.

ஸ்டேஷனில் காத்திருந்த பெரியவரிடம் அதைச் சொல்வதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. கேட்டுக்கொண்டார். கத்தவில்லை. சாப்பிடுகிறாளா, குளிருக்கு ரஜாய்ப் போர்வை வைத்திருக்கிறாளா என்று கேட்டார். வைத்திருக்கிறாள் என்றேன். "கல்யாணப் பேச்சை நிறுத்திட்டேன்னு தங்கச்சியை விட்டு எழுதச் சொல்றேன்" என்றார் மெதுவாக. எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டார். யாரோ ஒரு டாக்டருடைய பூட்டாத வைஃபை, பூட்டச் சொல்லிவிட்டுத்தான் வந்திருக்க வேண்டும், மறந்துவிட்டது, இனிமேல்தான் சொல்லணும் என்றேன். சட்டென்று எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேண்டாம் மேடம்ஜி, அந்த டாக்டர்கிட்ட ஒண்ணும் சொல்லாதீங்க, நாளைக்கும் அவ மெயில் போடணுமே."

இத்தனை வருஷ சர்வீஸில் நான் பிடித்த குற்றவாளிகளைவிட, ஒரு குற்றமும் செய்யாதவர்கள் வீட்டில் குடித்த டீதான் அதிகம்.