டிராகன் பெட்டியைத் தேடி நாமக்கல் வரை

ஜூலை 12, வெள்ளிக்கிழமை, காலை 6.50. ஏற்காடு மலை பாதிக்கு மேல் மேகத்துக்குள் இருந்தது. மழை இல்லை, மேல்காற்று மட்டும் பலமாக அடித்தது. கொண்டப்பநாயக்கன்பட்டியில் எங்கள் வீட்டு வாசலிலிருந்து நானும் என் மனைவி சரசுவதியும் வாடகைக் காரில் கிளம்பினோம். போய்வர 2,400 ரூபாய், ஓட்டுநர் பேட்டா 300.

நாங்கள் போக வேண்டிய இடம் நாமக்கல்லுக்கு நான்கு கிலோமீட்டர் முன்னால் உள்ள ஒரு லாரி பாடி கட்டும் பட்டறை. அங்கே ஓட்டுநர்கள் தங்கும் அறையில், திரையில் வரும் மிருகங்களைப் பொம்மைத் துப்பாக்கியால் சுடும் ஆட்டப் பெட்டி ஒன்று நிற்கிறது. முன்புறம் ஜப்பானிய எழுத்தில் பெயர் இருப்பதால் யாருக்கும் பெயர் தெரியாது. டிராகன் பெட்டி என்பார்கள். நானறிந்தவரை சேலம், நாமக்கல் இரண்டு மாவட்டங்களிலும் மிஞ்சியிருப்பது இது ஒன்றுதான்.

எழுபத்திரண்டு வயதில் இதற்காகவா போவது என்று கேட்பீர்கள். சரசுவதிக்கு வலது கண் போய்விட்டது. இடது கண்ணுக்குத் திங்கட்கிழமை அறுவை சிகிச்சை என்று நாள் குறித்து, முன்பணமும் கட்டியாயிற்று. செய்யாவிட்டால் அதுவும் போய்விடும் என்றார் டாக்டர். இவள் மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள்.

"பார்வை மிச்சமிருந்தாத்தானுங்க காப்பாத்தோணும்? ஆஸ்பத்திரில கண்ணப் பாக்கக் காட்டற எழுத்தெல்லாம் எனக்கு மனப்பாடமாயிருச்சு. கண்ணை மூடிட்டே சொல்லுவேன். டிராகன் பொட்டில ஒருக்காச் சுட்டுப் பாக்கறேன். மூணாவது கட்டத்து டிராகன் உழுந்துச்சுன்னா திங்கக்கெழம வாரேன். உழுகலீன்னா என்னைய உட்டுருங்க."

அவள் எதையும் கேட்டு வாங்கிப் பழகாதவள். நானும் சரி என்றேன்.

அந்தப் பெட்டி ஒரு காலத்தில் அஸ்தம்பட்டியில் ஒரு கேம் கடையில் இருந்தது. மகள் டியூஷன் முடித்து வரும்வரை ஒரு மணி நேரம் நாங்கள் காத்திருக்க வேண்டும். கடையில் மின்விசிறி இருந்தது, உட்கார்ந்தோம். சும்மா உட்கார முடியாது என்று கடைக்காரர் சொன்னதால் டோக்கன் வாங்கினோம். ஒரு டோக்கன் இரண்டு ரூபாய். ஒரு வாரத்தில் சரசுவதி சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு மூன்றாவது கட்டத்துக்குப் போய்விட்டாள். நான் இரண்டாண்டுகளில் முதல் கட்டத்தின் வௌவால்களைத் தாண்டவில்லை.

ஆகவே அந்த ஆட்டத்தைப் பற்றி எங்களுக்கு இரண்டு அபிப்பிராயம். என்னுடையது: அது காசு பிடுங்கி. முதல் கட்டத்தில் பதினாறு வௌவால்கள், அதில் நான்கு முதுகுக்குப் பின்னாலிருந்து வருவது போல் வரும். அப்புறம் வருவதெல்லாம் அவள் ஆடும்போது பார்த்ததுதான்: ஒரு மந்திரவாதி தேவையில்லாமல் இரண்டு முறை சாவான். கதை என்று ஒன்றுமில்லை. ஒரு கோட்டை எரியும், அதை யார் கொளுத்தினார்கள் என்று கடைசிவரை சொல்லமாட்டார்கள். அவளுடையது: அதைப் போல நியாயமான ஆட்டம் கிடையாது. எந்த மிருகமானாலும் பாய்வதற்கு முன் ஒருமுறை கண்ணைச் சிமிட்டும். சிமிட்டும்போது சுட்டால் விழும். "மனுசங்க இப்படிச் சொல்லிட்டு அடிப்பாங்களா?" என்பாள்.

ஓட்டுநர் செல்வத்துக்கு முப்பது வயதிருக்கும். மல்லூர் தாண்டியதும் கேட்டார்: "ஏனுங்க பெரியவரே, ஆஞ்சநேயர் கோயிலுக்குங்களா, இல்ல மலைக்கோட்டைக்குங்களா?"

"நாமக்கல் போறவிய எல்லாம் கோயிலுக்குத்தான் போகோணுமா சாமி? நாங்க டிராகன் சுடப் போறமுங்க" என்றாள் சரசுவதி.

செல்வம் கண்ணாடியில் அவளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "சுடுங்கம்மா, சுடுங்க. எங்க ஊட்டுக்காரியும் துப்பாக்கி இல்லாமயே தெனமும் என்னையச் சுடறா."

மூவரும் சிரித்தோம். அன்று சிரித்தது அவ்வளவுதான். ஆண்டகளூர் கேட்டில் சிற்றுண்டி, மூவருக்கும் 185 ரூபாய். பட்டறைக்காரர் வீட்டுக்கு இனிப்பும் பழமும் 360.

9.05க்குப் போய்ச் சேர்ந்தோம். வீட்டிலிருந்து 58 கிலோமீட்டர். பட்டறை முதலாளி குமரேசன், ஐம்பது வயது, வாசலுக்கே வந்து சரசுவதியின் கையைப் பிடித்துப் படியேற்றினார். உள்ளே பெட்டியைப் பார்த்து நான் திகைத்துப்போனேன். லாரிக்குப் பூசும் பச்சையும் மஞ்சளும் அடித்து, மேலே கறுப்புக் குஞ்சம் கட்டி, நடுவில் பெரிய தட்டை டிவி பளபளவென்று மின்னியது.

"புதன்கெழம நீங்க போன் பண்ணுனப்ப அம்மாவுக்குக் கண்ணு செரியில்லைன்னு சொன்னீங்களா, மனசு கேக்கலீங்க. அந்தப் பழைய பிக்சர் டியூப்பு ஒரே மங்கல். நேத்துத்தானுங்க கழட்டிப் பழைய இரும்புக்குப் போட்டுட்டு இதைய மாட்டுனோம். பையன் ரூமுல இருந்த டிவிங்க. பளிச்சுன்னு தெரியுதுங்களா அம்மா?"

"தெரியுது சாமி. நல்லாத் தெரியுது" என்றாள் சரசுவதி. தலைப்பைச் செருகிக்கொண்டு துப்பாக்கியை எடுத்தாள்.

வௌவால்கள் வந்தன. "அந்தா, சிமிட்டுது" என்று சொல்லிக்கொண்டே விசையை அழுத்தினாள். விழவில்லை. "இதா, இதுவும் சிமிட்டுது." விழவில்லை. ஒரு நிமிடத்துக்குள் ஆட்டம் முடிந்தது. ஐந்து முறை ஆடினாள். ஒவ்வொரு சிமிட்டலையும் சரியாகச் சொன்னாள். ஒரு வௌவால்கூட விழவில்லை. மூன்றாவது கட்டத்தை நாங்கள் பார்க்கவே இல்லை.

துப்பாக்கியை மெதுவாகக் கொக்கியில் மாட்டினாள்.

நான் எடுத்துச் சுட்டேன். எனக்கும் விழவில்லை. "நீங்க எப்பச் சுட்டு எது உழுந்துச்சு?" என்றாள். செல்வம் சுட்டார். "எனக்கும் படலீங்கம்மா" என்றார்.

"நீ கார் ஓட்டறவன் சாமி. எனக்காவத் தப்பாச் சுட வேண்டாம்."

குமரேசனுக்கு முகம் வெளுத்துவிட்டது. பெட்டியைத் தமக்கு விற்றவரைக் கைப்பேசியில் அழைத்து எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தார். அந்தப் பக்கத்துக் குரல் எரிச்சலோடு வந்தது: "டியூப்பையா கழட்டுனீங்க? போச்சு போங்க. அந்தத் துப்பாக்கி டியூப்பு வெளிச்சத்தத்தான் படிக்கும். தட்ட டிவில சுடறதும் செவுத்தச் சுடறதும் ஒண்ணுதானுங்க."

எனக்கு உயிர் வந்தது. "கேட்டாயா சரசு? உன் கண் மேல் தப்பில்லை. டிவியில்தான். வௌவால்கள் சிமிட்டுவதை எல்லாம் நீ பார்த்தாய். வாய்விட்டுச் சொன்னாய். இதைவிட வேறென்ன பரீட்சை வேண்டும்?"

அவள் நாற்காலியில் உட்கார்ந்து சேலைத் தலைப்பை எடுத்து விட்டுக்கொண்டாள். "ரெண்டு வருசமா ஊசில நூல் கோக்க முடியலீன்னா பல்பு மங்கல்னீங்க. பேப்பர் படிக்க முடியலீன்னா அச்சுச் சரியில்லைன்னீங்க. பால் டம்ளரத் தட்டிவிட்டா மேசை கோணல்னீங்க. இன்னிக்கு டிவிங்களா?"

"அவர்தானே போனில் சொன்னார்!"

"போனுல யார வேணாப் பேச வெக்கலாமுங்க. அந்தப் பொட்டி ஒருநாளும் என்னைய ஏமாத்துனதில்ல. நான் பாக்கற எடம் வேற, அது இருக்கற எடம் வேறயாப் போச்சு. அவ்வளவுதான்."

ஆட்டம் அநியாயமாகிவிட்டது என்று நம்புவதைவிடத் தன் கண் போய்விட்டது என்று நம்புவது அவளுக்குச் சுலபமாக இருந்தது. ஆறுதலுக்கென்று நான் சொன்னதெல்லாம் சேர்ந்து, நிஜத்தைச் சொல்ல வேண்டிய நாளில் என் வாயை அடைத்துவிட்டது.

பழைய டியூப்பைத் திரும்ப மாட்டினால் போதும் என்று குமரேசன் என்னைத் தம் வண்டியில் ஏற்றிக்கொண்டு மூன்று கிலோமீட்டர் தள்ளியிருந்த பழைய இரும்புக் கடைக்கு விரைந்தார். கடைக்காரர் ஒரு மணி நேரம் குவியலைக் கிளறினார். கடைசியில் கண்ணாடித் துண்டுகளைக் காட்டினார். உள்ளே இருந்த செம்புக் கம்பிக்காக முந்தின நாள் மாலையே உடைத்துவிட்டார்களாம். கிளறிய கூலி 200 ரூபாய் கொடுத்தேன். குமரேசன் வழி முழுக்கத் தலையில் அடித்துக்கொண்டே வந்தார். "நல்லதுன்னு நெனச்சுச் செஞ்சனுங்கய்யா." அவரை என்ன சொல்வது? போன் செய்தவன் நான்தானே.

மதியம் 1.20க்குத் திரும்பினோம். ஆண்டகளூர் கேட்டில் எதிரே வந்து பக்கச் சாலையில் திரும்பிய பேருந்தைப் பார்த்து, "ராசிபுரம் வண்டி" என்றாள் சரசுவதி.

"பலகையைப் படித்தாயே! படித்தாயா இல்லையா?"

"இந்த எடத்துல திரும்பற வண்டி வேற எந்த ஊருக்குங்க போகும்?"

3.05க்கு வீட்டு வாசலில் இறங்கும்போது மலை முழுவதும் மேகம் விலகித் தெளிவாக நின்றது. அவளிடம் அதைக் காட்டலாமா என்று நினைத்தேன். தெரிகிறது என்று சொன்னாலும் அவள் நம்பமாட்டாள், தெரியவில்லை என்றால் நான் தாங்கமாட்டேன். கதவைத் திறந்தேன்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் கெஞ்சினேன். மகளும் தொலைபேசியில் அழுதாள். திங்கட்கிழமை காலை ஏழரை மணிக்கு அஸ்தம்பட்டி கண் ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டிய நேரத்தில் சரசுவதி குளித்து, பூ வைத்து, சமையலறையில் தடவித் தடவிக் காப்பி போட்டுக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். "சொன்ன சொல்லுன்னு ஒண்ணு இருக்குதில்லீங்களா" என்றாள்.

வாடகையும் பேட்டாவும் 2,700. சிற்றுண்டி, இனிப்பு, பழம் 545. இரும்புக் கடையில் 200. அறுவைக்குக் கட்டி, திரும்ப வராத முன்பணம் 6,000. ஆக மொத்தம் ரூபாய் 9,445.