தலைவலிக்கெல்லாம் படம் எதற்கு

என் அக்காவின் கணவருக்கு ஸ்கேன் சென்டரில் வைத்த பட்டப்பெயர் 'வேண்டாமய்யா'. படம் எடுப்பதுதான் அவர் வேலை. ஆனால் எடுக்காமல் ஆளைத் திருப்பி அனுப்புவதில்தான் அவருக்குத் தனி சந்தோஷம். சாப்பாட்டுக் கடையில் பரிமாறுகிறவர், உங்களுக்கு நிஜமாகவே பசிக்கிறதா என்று குறுக்கு விசாரணை செய்தால் எப்படி இருக்கும்? முதலாளி தலையில் அடித்துக்கொள்வார். ஆனாலும் அவ்வளவு சுத்தமாகப் படம் எடுக்க வேறு ஆள் சிக்காததால் பொறுத்துக்கொண்டார்.

அத்தானைக் குறை சொல்வதென்றால் எனக்கு நேரம் போவது தெரியாது. அதனால் நல்லதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கதிர்வீச்சு கண்ணுக்குத் தெரியாது, வலிக்காது. யாருக்கும் அதைப் பற்றி அக்கறையும் கிடையாது. அவருக்கு இருந்தது. இளம்பெண் யாராவது வந்தால், கூட வந்த மாமியாரையும் கணவனையும் வெளியே உட்காரவைத்துவிட்டுத்தான் நாள் தள்ளிப் போயிருக்கிறதா என்று கேட்பார். குழந்தைக்குப் பெரியவர்களின் கதிர் அளவை வைக்கவே மாட்டார். மெஷினில் அளவைக் குறைத்து, வேண்டிய இடத்தில் மட்டும் கதிர் விழும்படி குறுக்கிய பிறகுதான் பொத்தானில் கை வைப்பார். போன வாரம்தான் வேறு இடத்தில் எடுத்தோம் என்று யாராவது வாய் தவறிச் சொல்லிவிட்டால் போச்சு. அந்தப் படத்தை வீட்டிலிருந்து கொண்டுவரச் சொல்லி, சீட்டு எழுதிய டாக்டருக்கே போன் போட்டு, இது போதாதா என்று கேட்பார். பாதி டாக்டர்கள் போதும் என்பார்கள். மீதிப் பேரிடம் திட்டு விழும்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும், அன்றைக்கு யாரைத் திருப்பி அனுப்பினார் என்று அக்காவிடம் ஒப்பிப்பார். அதிலும் தலைவலிக்காரர்கள் மாட்டினால் தீர்ந்தது.

"லேசா தலை வலிச்சா போதும், மூளைய படம் எடுன்னு ஓடி வந்துடறாங்க. தூங்காம போனையே பாத்துட்டிருந்தா தலை வலிக்காம என்ன பண்ணும்?"

நெற்றியைப் பிடித்துக்கொண்டு நடித்து வேறு காட்டுவார். அக்கா விழுந்து விழுந்து சிரிப்பாள். அவளுக்கும் கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஒற்றைத் தலைவலி உண்டு. விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தால் சரியாகிவிடும். அதற்குப் படம் தேவையில்லை என்று அவர் சொன்னதில் தப்பே இல்லை. டாக்டரும் அதையேதான் சொன்னார்.

பிறகு அந்த வலி மாறியது. தூங்கி எழும்போதே வலித்தது. கூடவே வாந்தி. இடது கையில் எடுத்த பாத்திரம் நழுவி விழுந்தது. வலி இப்படி மாறினால் உடனே படம் எடுத்தாக வேண்டும் என்பது அத்தானுக்கு அத்துப்படி. தெரிந்திருந்தால் அன்றைக்கே அவளைத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பார். அக்கா சொல்லவில்லை. அவர் வேலைக்குக் கிளம்பும் வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பாள். அவர் தலை மறைந்ததும் குளியலறைக் கதவைச் சாத்திக்கொள்வாள். மாதக்கணக்கில் இப்படியே ஓட்டியிருக்கிறாள். என்னிடமும் மூச்சு விடவில்லை.

கடைசியில் ஒருநாள் அவர் கண்ணெதிரிலேயே சமையலறையில் விழுந்தாள். ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் எழுதிக் கொடுத்த சீட்டோடு எதிரே இருந்த அவருடைய சென்டருக்கே கொண்டுபோனோம். படத்தை அவர்தான் எடுத்தார். எடுத்துக்கொண்டிருக்கும்போதே திரையில் தெரிந்துவிட்டது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அவர் பின்னால் நின்ற எனக்கு அதில் ஒரு மண்ணும் புரியவில்லை. அவர் நாற்காலியைத் தேடியதைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன்.

கட்டி கைவைக்க முடியாத இடத்துக்குப் பரவிவிட்டது, முன்பே வந்திருந்தால் எடுத்திருக்கலாம் என்றார் அறுவை சிகிச்சை டாக்டர். அந்த 'முன்பே' என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

வார்டில் அத்தான் அவளிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். ஏன் சொல்லவில்லை?

"நானும் தலைவலின்னு வந்து நின்னா நீங்க சிரிப்பீங்கன்னு நெனச்சேன்" என்றாள் அக்கா.

குறையாகச் சொல்லவில்லை. கொஞ்சம் வெட்கப்பட்டுக்கொண்டுதான் சொன்னாள். எனக்கு அவரை ஓங்கி ஒரு அறை விடலாம் போலிருந்தது. விட்டிருந்தால் பேசாமல் வாங்கிக்கொண்டிருப்பார். அது தெரிந்ததால் சும்மா இருந்தேன்.

மழைக்காலம் முடிவதற்குள் அக்கா போய்விட்டாள்.

அத்தான் மறுபடி வேலைக்குப் போகிறார். மதியச் சாப்பாடு என் வீட்டிலிருந்து போகிறது. குழந்தைகளுக்கு அளவைக் குறைப்பதும் பெண்களிடம் தனியாகக் கேட்பதும் கைப்பழக்கத்தில் நடக்கின்றன. ஆனால் யாரையும் அவர் திருப்பி அனுப்புவதில்லை. பழைய படத்தைக் கேட்பதில்லை. எந்த டாக்டருக்கும் போன் போடுவதில்லை. சீட்டில் என்ன எழுதியிருக்கிறதோ அதை எடுத்துக் கொடுக்கிறார். முதலாளிக்கு வாயெல்லாம் பல். அவர் மாற வேண்டும் என்று நானே எத்தனையோ முறை கத்தியிருக்கிறேன். இப்படிப் பார்க்க என்னால் முடியவில்லை.

நேற்று நான் சாப்பாடு கொண்டுபோனபோது, கட்டிலிலிருந்து விழுந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு பெண் வந்திருந்தாள். இறக்கிவிட்டதும் அது அறை முழுக்க ஓடியது. என் கையிலிருந்த பையைப் பிடித்து இழுத்துச் சிரித்தது. மூளைக்கு ஸ்கேன் என்று சீட்டில் எழுதியிருந்தது. அவளுக்கே மனசு கேட்கவில்லை.

"அண்ணா, இவ்ளோ நல்லா வெளையாடுறானே, கண்டிப்பா எடுக்கணுமா? இது பிள்ளைங்களுக்கு நல்லதில்லைன்னு சொல்றாங்களே?"

நோயாளிகளில் ஒருவராவது இப்படிக் கேட்க மாட்டாரா என்று காலமெல்லாம் புலம்பியவர் அவர். குழந்தையைப் பார்த்தார்.

"எனக்குத் தெரியலம்மா" என்று சொல்லிவிட்டு, அதைத் தூக்கி மெஷினில் படுக்கவைத்தார்.