பாபநாசம் பஸ்ஸில் ஏறிய கம்ப்யூட்டர்

காந்திமதியக்கா போய்விட்டார் என்று விக்கிரமசிங்கபுரத்திலிருந்து செல்விதான் போனில் சொன்னாள். நான் மேலப்பாளையத்தில் வீட்டு வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். எந்தக் காந்திமதி என்று கேட்டேன். திருநெல்வேலியில் தெருவுக்கு ஒரு காந்திமதி உண்டு. வேறு யாராவதாக இருக்கட்டும் என்று மனசு ஒரு நொடி தப்பிக்கப் பார்த்தது. செல்வி அழுத அழுகையிலேயே எந்தக் காந்திமதி என்று தெரிந்துவிட்டது. தூக்கத்திலேயே போய்விட்டாராம். மறுநாள் பாளையங்கோட்டையில் அவர் வீட்டில் கூடினோம். அழுதுகொண்டு வந்தவர்கள் கொஞ்ச நேரத்தில் செங்கல் கதையைப் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தோம். அன்று வர முடியாதவர்களுக்கும், அந்தக் கதையில் பாதி மட்டும் தெரிந்தவர்களுக்கும் இதை எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் பிற்பாதியில் நாங்கள் இருவரும் பாளையங்கோட்டையில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தோம். அக்கா என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். அங்கே கம்ப்யூட்டர் வந்தபோது சேர்ந்தேதான் கற்றுக்கொண்டோம். ஆனால் அதைக் கழற்றி மாட்டுகிற பைத்தியம் அவருக்கு மட்டும்தான் பிடித்தது.

ஒருநாள் விக்கிரமசிங்கபுரத்தில் தையல் வகுப்பு நடத்தும் அம்மா ஒருவர் எங்களைத் தேடி வந்தார். மில் வேலைக்காரர்கள் வீட்டுப் பெண்கள் பலர் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டுச் சும்மா இருக்கிறார்கள், கம்ப்யூட்டர் படிக்க ஆசைப்படுகிறார்கள், அத்தனை தூரம் பஸ்ஸில் அனுப்ப வீட்டில் சம்மதமில்லை என்றார். அவர் போனதும் அக்கா என்னைப் பார்த்து, "ஏட்டி ரஹ்மத்து, பிள்ளைக வர முடியலன்னா மிஷினு போவட்டும்" என்றார்.

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். எங்கள் இரண்டு பேருடைய சீட்டுப் பணத்தையும் சேர்த்தால் ஒரே ஒரு கம்ப்யூட்டர் வரும். அது வாரநாட்களில் பாளையங்கோட்டையில் டைப் வேலை செய்து தன் செலவைத் தானே சம்பாதிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏற வேண்டும். மடியில் வைத்துக்கொள்ளும் கம்ப்யூட்டர் அப்போதே இருந்தது. விலையைக் கேட்டுவிட்டுப் பேசாமல் திரும்பி வந்துவிட்டோம்.

அக்காவின் திட்டம் தலைகீழாகத் தொடங்கியது. "என்ன வேணும்னு எல்லாவளும் சொல்லிருவா. என்ன வேண்டாம்னு முதல்ல சொல்லணும்" என்பார். பாட்டு வேண்டாம், சிடி வேண்டாம், கலர் வேண்டாம். கலருக்காக நான் இரண்டு நாள் அவரோடு பேசாமல் இருந்தேன். அவர் அசையவில்லை. கடைகளில் பில் போட வைத்திருக்கும் சின்னக் கறுப்பு வெள்ளைத் திரையே போதும், கூடையில் வைத்துத் தூக்கிவிடலாம் என்றார். சென்னை ரிச்சி தெருவின் எலக்ட்ரானிக் கடைகளிலிருந்து, 486 என்ற பழைய ரகக் கம்ப்யூட்டரின் போர்டைத் தன் தம்பி மூலம் வரவழைத்தார். எல்லாவற்றிலும் இப்படிக் கையைச் சுருக்கியவர் கீபோர்டு மட்டும் புதிதாக, நல்லதாக வாங்கினார். ஏன் என்று கேட்டேன். "பிள்ளைக தொடப்போறது இத ஒண்ணத்தான்ட்டீ" என்றார்.

கடையில் கிடைத்த பெட்டிகள் எல்லாம் பஸ் சீட்டுக்கு ஆகாத உயரம். எந்த அளவில் செய்தால் மடியில் நிற்கும் என்று தெரிய வேண்டுமே. அக்கா சோப்பு வந்த அட்டைப்பெட்டி ஒன்றை வெட்டி ஒட்டினார். கனம் தெரிய அதற்குள் செங்கல் அடுக்கிச் சணல் கயிற்றால் கட்டினார். இருவரும் அதைத் தூக்கிக்கொண்டு பாபநாசம் பஸ்ஸில் ஏறினோம். பெட்டிக்குள் என்ன என்று கண்டக்டர் கேட்டார். அக்காவுக்குப் பொய் வராது. செங்கல் என்றார். கண்டக்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, விக்கிரமசிங்கபுரத்துல செங்கல் கிடைக்காதா?" என்று கேட்டார். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. நான் முக்காட்டுக்குள் முகத்தை மறைத்துக்கொண்டேன். அக்கா மட்டும் அம்பாசமுத்திரம் வரை அவருக்கு விளக்கம் சொல்லிக்கொண்டு வந்தார். இறங்கும்போது கண்டக்டரே ஒரு யோசனை சொன்னார்: பெட்டியை இன்னும் நாலு விரல் குறைத்தால் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் வைத்துக்கொள்ளலாம்.

அந்த நாலு விரல்தான் பெரும்பாடாயிற்று. மின்சாரம் தரும் டப்பா நிமிர்ந்து நின்றால் போர்டு அடங்காது. படுத்தால் பிளாப்பித் தட்டு போடும் பகுதி இடிக்கும். கடைசியில் அதைப் போர்டுக்குக் கீழே தனி அடுக்கில் படுக்க வைத்தார் அக்கா. பீரோ செய்யும் பட்டறையில் தகரப் பெட்டி அடித்துத் தந்த அண்ணாச்சி, காற்றுப் போக இத்தனை ஓட்டை போட்டால் நகை விழுந்துவிடுமே என்று கவலைப்பட்டாராம்.

முதல் ஞாயிறு தையல் கூடம் நிறைந்திருந்தது. பெண்களோடு அவர்களுடைய அம்மாக்களும் வந்திருந்தார்கள். படிக்க வைப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யப்போகிறவர்கள் அவர்கள்தான். அக்கா ஸ்விட்சைப் போட்டார். விசிறி சுற்றியது. திரையில் ஒன்றுமில்லை. அணைத்துவிட்டு மறுபடி போட்டார். அப்போதும் இல்லை. பின்வரிசையில் ஒரு அம்மா எழுந்து மகளைக் கையைப் பிடித்து இழுத்தார். எங்கள் பணம் மொத்தமும் அந்தத் தகரத்துக்குள் இருந்தது.

அக்கா வயரைப் பிடுங்கிவிட்டு, திருப்புளியை எடுத்து மூடியைக் கழற்றினார். பிறகு எல்லாரையும் கிட்டே வரச் சொன்னார். இது மூளை, இது ஞாபகம், இது எழுதி வைக்கிற இடம் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். போகவென்று எழுந்த அம்மாவும் மகள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"இம்புட்டுத்தானா?" என்று அந்த அம்மா கேட்டார்.

"இம்புட்டுத்தான். இதுக்குப் போயி பயந்துக்கிட்டு இருக்கோம்" என்றார் அக்கா.

அப்போதுதான் அவர் கண்ணில் பட்டது: பஸ் குலுக்கலில், திரைக்குப் படம் அனுப்பும் அட்டை தன் இடத்திலிருந்து எழும்பி நின்றது. பைய அழுத்திவிட்டு, வயரை மாட்டி ஸ்விட்சைப் போட்டார். திரையில் வெள்ளை எழுத்து ஓடியது. ஒருவரும் கை தட்டவில்லை. அந்த அம்மா மகளை முன்வரிசையில் கொண்டுபோய் உட்கார வைத்தார். மகள்தான் செல்வி.

அடுத்த வாரமே அக்கா சைக்கிள் டியூபை வெட்டி உள்ளே மெத்தை கொடுத்துவிட்டார். அட்டை அதன்பிறகு எழும்பவே இல்லை. ஆனாலும் புதுப் பிள்ளைகள் வரும் ஒவ்வொரு முறையும் அக்கா மூடியைக் கழற்றிக் காட்டிவிட்டுத்தான் பாடம் தொடங்குவார். சில வருஷம் கழித்து செல்வி அதே ஊரில் சொந்தமாக கம்ப்யூட்டர் சென்டர் போட்டாள். இனி நீங்கள் அலைய வேண்டாம் என்று அவள் தயங்கித் தயங்கிச் சொன்னபோது அக்காவுக்கு வந்த சந்தோஷத்தைப் பார்த்திருக்க வேண்டும். திரும்பி வரும் பஸ்ஸில், "எங்கள வேலைய விட்டு எடுத்துட்டா எங்க பிள்ள" என்று ஏறுகிறவர் இறங்குகிறவரிடமெல்லாம் பெருமையடித்தார்.

அக்காவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அவருடைய அவசரத்தை. எல்லாம் கூடிவரட்டும் என்று அவர் ஒருநாளும் காத்திருந்ததில்லை. எங்கள் தெருப் பெண்கள் சிலர், பேங்கு வேலையைப் போனிலேயே செய்துகொள்ளக் கற்றுத்தரச் சொல்லி வெகுநாளாகக் கேட்கிறார்கள். இடம் சரியில்லை, நாற்காலி இல்லை என்று தள்ளிக்கொண்டே வந்தேன். நாற்காலி இன்னும் வரவில்லை. திங்கட்கிழமை வகுப்பு தொடங்குகிறது.