காதில் கிளிப்போடு கொட்டாஞ்சேனையிலிருந்து

காலை 8.40. வெள்ளவத்தைப் பஸ் தரிப்பில் நிற்கும்போதே எனக்குக் கோபம். இங்கிருந்து கொட்டாஞ்சேனை பத்துக் கிலோமீற்றர்தான். இதையும் பயணம் என்று எழுத வந்துவிட்டாளே என்பீர்கள். எழுபத்திரண்டு வயதில், ரொறொன்ரோவிலிருந்து மகன் வேண்டாமென்று சொன்ன பிறகு ஒருமுறை போய்ப் பாருங்கள், அப்போது தெரியும்.

விடியற்காலையில் சுதன் ஓர் ஒலிப்பதிவு அனுப்பியிருந்தான். படபடவென்று சத்தம், நாய் குரைப்பு. அதன் கீழே, “அம்மா, கொட்டாஞ்சேனையில துவக்குச் சூடாம். இண்டைக்கு வெளிக்கிடாதேங்கோ.” என் போனில் அவன் ஏதோ ஒன்றைப் போட்டு வைத்திருக்கிறான். நான் நிற்கும் இடம் அவனுக்கு நீலப் புள்ளியாகத் தெரியும். போன கிழமை கெடுவும் வைத்தான். இன்னொருமுறை சொல்வழி கேளாமல் போனால், கல்கிசையில் வயதானவர்களுக்கான விடுதி ஒன்றில் அறை பார்த்திருக்கிறானாம், அங்கே மாற்றிவிடுவானாம். கமராவும் தாதியும் உண்டாம். நான் குடியிருக்கும் வீடு அவன் பெயரில் இருக்கிறது. ஆகவே இது வெறும் வெருட்டு அல்ல.

ஆனால் செவ்வாய்க்கிழமை என்றால் எங்களுக்கு 304. சீட்டாட்டம்தான். நாலு பேர், இரண்டு சோடி, எதிரெதிரே இருக்கைகள். ஒரு கை குறைந்தாலும் ஆட்டமில்லை. கொட்டாஞ்சேனையில் பிலோமினாவும் அவள் புருஷன் அன்ரனும், களுபோவிலவிலிருந்து பரீதா, வெள்ளவத்தையிலிருந்து நான். பெண்கள் மூவரும் ஒரே கந்தோரில் வேலை செய்து ஓய்வு பெற்றவர்கள். கிழமையில் மற்ற நாட்கள் மருந்துக்கும் போனுக்கும் போகின்றன. செவ்வாய் மட்டும் என்னுடையது.

சூடு நடப்பதில்லை என்று நான் சொல்லவில்லை. நடக்கிறது. குண்டு வெடித்த காலத்திலும் இதே காலி வீதியால் கந்தோருக்குப் போய் வந்தவள் நான். பயம் என்றால் என்னவென்று எனக்கு ஒலிப்பதிவு போட்டுக் காட்டத் தேவையில்லை.

பஸ் வந்தது. “பிட்டகொட்டுவ, பிட்டகொட்டுவ!” என்று புறக்கோட்டையைச் சிங்களத்தில் கத்திய கண்டக்டர், என் கையைப் பிடித்து ஏற்றி, “அம்மே, இஸ்ஸரஹட்ட யன்ன” என்று முன்னுக்கு அனுப்பினார். நூறு ரூபாய் கொடுத்தேன், சில்லறை வந்தது. யன்னலோரமும் கிடைத்தது. இந்த ஆசனத்துக்காகவே நான் பஸ்ஸில் போகிறேன். காலிமுகத்திடலில் கட்டடங்கள் விலகிக் கடல் முழுதாகத் தெரியும். அந்தக் காற்று முகத்தில் அடிக்கும்போது கோபம் கொஞ்சம் இறங்கும். இன்றைக்குப் பக்கத்து ஆசனத்துப் பெண் போனில் ஒரு விபத்தைத் திருப்பித் திருப்பிச் சத்தமாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். கடலை நான் ஒருத்திதான் பார்த்தேன்.

9.50. புறக்கோட்டையில் இறங்கி ஓட்டோ பிடித்தேன். முந்நூறு ரூபாய் பேச்சு. சாரதி திரும்பிப் பார்த்தார்.

“கொட்டாஞ்சேனைக்கா போறீங்க? அங்க பிரச்சினையாமே அம்மா.”

“ஆர் சொன்னது?”

“போன்ல வந்திச்சி.”

“நீர் எங்க இருக்கிறனீர்?”

“கொட்டாஞ்சேனையிலதான். காலையில அங்கருந்துதான் வந்தேன்.”

“வரேக்க என்ன கண்டனீர்?”

யோசித்தார். “ஒண்ணுமில்ல. பேப்பர் வாங்கினேன்.”

எனக்கு வந்த ஆத்திரத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? தன் கண்ணால் கண்ட தெருவை நம்பாமல், கைக்குள் இருக்கும் கண்ணாடித் துண்டை நம்புகிறார் மனிதர்.

பிலோமினா வீட்டு ஒழுங்கையில் மாதா சுரூபத்துக்குக் கொடியேற்றியிருந்தார்கள். நீலமும் வெள்ளையுமாய்க் கடதாசித் தோரணம், நிலமெல்லாம் சீன வெடியின் சிவப்புக் குப்பை. படியில் ஏறும்போதே அவள் முகம் சரியில்லை.

“பரீதா வரல்லையாம். மகன் விடமாட்டேங்கிறாராம்.”

சீட்டுக்கட்டு மேசையில் அடுக்கியபடி கிடந்தது. அன்ரன் கதிரையைப் போட்டுக்கொண்டு ஆயத்தமாக இருந்தார். அவருக்குக் காது மந்தம். “என்ன, போடுவமா?” என்று இரண்டு தரம் கேட்டார். நான் போனை எடுத்து, பார் இந்தக் கூத்தை என்று அந்த ஒலிப்பதிவைப் போட்டேன்.

பிலோமினா காதைக் கிட்டக் கொண்டுவந்தாள். இன்னொருமுறை போடச் சொன்னாள். சத்தம் ஓய்ந்து, நாய் குரைத்து, அதற்கும் பின்னால் ஒரு பெண் குரல் மெல்லக் கேட்டது: “ரொக்கி, சும்மா இரு!”

மேசைக்குக் கீழே கிடந்த ரொக்கி தலையைத் தூக்கியது.

“ஐயோ, இது நான்!” என்றாள் பிலோமினா. “நேத்துப் பின்னேரம் கொடியேத்தக்குள்ள வெடி போட்டாங்க. மெல்பேர்ன்ல இருக்கிற தங்கச்சி மகளுக்குக் கேக்கட்டுமேன்னு பிடிச்சு அனுப்பினேன். திருவிழா தொடங்கிட்டுதுன்னு எழுதியும் விட்டேனே!”

எழுதியது மெல்பேர்னிலேயே நின்றுவிட்டது. சத்தம் மட்டும் கைமாறிக் கைமாறி ரொறொன்ரோவுக்குப் போய், அங்கே துப்பாக்கிச் சூடாகி, வெள்ளவத்தைக்கும் களுபோவிலவுக்கும் திரும்பி வந்திருக்கிறது. பிலோமினா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த வெடிக்காகவா நான் கல்கிசையில் கமராவுக்குக் கீழே படுக்கவேண்டும்?

பரீதாவுக்கு எடுத்தேன். விஷயத்தைச் சொன்னேன்.

“இப்ப வெளங்குது. ஆனா எப்பிடிடீ வார? ஓட்டோ கூப்பிடுற ஆப் மகன்ட போன்லதான் ஈக்கி. அவரு கூப்பிட்டாத்தான் வாகனம் வரும்.”

“பரீதா, உனக்குக் கை இருக்கோ?”

“ஈக்கி.”

“றோட்டில நிண்டு அதை நீட்டு!”

12.15. நீட்டித்தான் வந்து சேர்ந்தாள். களுபோவிலவிலிருந்து கை காட்டி ஓட்டோ மறித்து வந்தேன் என்று ஏதோ கப்பலைப் பிடித்து வந்தவளைப் போல் சொன்னாள். பிலோமினா பாணும் மீன் குழம்பும் வைத்தாள். சாப்பிட்ட கையோடு சீட்டு இறங்கியது.

எங்கள் ஆட்டத்துக்கென்று ஒரு சட்டம் உண்டு. தோற்ற சோடி காதில் உடுப்புக் கிளிப் மாட்டவேண்டும். அடுத்த ஆட்டம் வென்றால்தான் கழற்றலாம். தோற்றபடியே எழும்பினால் வீடுவரை கிளிப்போடுதான் போகவேண்டும். எனக்குச் சோடி அன்ரன். கடைசி ஆட்டத்தில் அந்த மனுஷன், முந்நூற்றுநாலு புள்ளியில் இருநூற்றைம்பது எடுப்போமென்று ஏலம் கேட்டார். துரும்பைத் திருப்பினால் கையில் ஒன்றுமில்லை. நான் போட்ட சத்தத்தில் ரொக்கி குசினிக்குள் ஓடிவிட்டது. அவருக்கு அதுவும் கேட்கவில்லை. அன்ரன் தன் காதில் பச்சைக் கிளிப்பை மாட்டிக்கொண்டு தேத்தண்ணி கேட்டார். எனக்கு மஞ்சள்.

மாலை 4 மணிப் பஸ்ஸில் திரும்பினேன். காலைக் கண்டக்டரேதான். என் காதைப் பார்த்தார், டிக்கெட்டைத் தந்தார், ஒன்றும் சொல்லவில்லை. இந்த ஊரில் எனக்குப் பிடித்த குணம் அது. வெள்ளவத்தையில் இறங்கி வீட்டுக் கதவைத் திறக்கவும் போன் அடித்தது. ரொறொன்ரோவில் விடிந்திருந்தது. சுதனின் முகம் திரைக்கு வந்தது, கோபமாக.

“புள்ளி முழுநாளும் கொட்டாஞ்சேனையில நிண்டிருக்கு. நான் என்ன சொன்னனான் அம்மா?”

ஒலிப்பதிவின் கதையைச் சொன்னேன். “எண்டாலும் கவனமா இருக்கிறது நல்லம்தானே. நாளைக்கு நான் கல்கிசைக்குக் கதைக்கிறன்,” என்றான். பொய்யென்று தெரிந்த பிறகும் அந்தப் பயத்தை விட மனமில்லை பிள்ளைக்கு. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

“கதை. அங்க 304 போட மூண்டு பேர் இருக்கினமோ எண்டும் கேள். இல்லாட்டி நான் சாகும்வரைக்கும் இந்தக் கிளிப்போடதான் இருக்கவேணும்.”

அப்போதுதான் அவன் என் காதைக் கவனித்தான்.

“தோத்துப்போட்டோ வந்தனீங்கள்?”

“அன்ரன் மாமா இருநூற்றைம்பது கேட்டவர்.”

“கையில என்ன வச்சிருந்தவர்?”

“ஒண்டுமில்லை.”

“ஒண்டுமில்லாமலோ? விசரே அந்தாளுக்கு?” கட்டிலை விட்டு எழும்பியே விட்டான். “நீங்கள் ஏன் விட்டனீங்கள்? அடுத்த செவ்வாய் நீங்கள் முந்திக் கேளுங்கோ அம்மா, அவரைக் கேக்க விடாதேங்கோ!”

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னான் என்பது அவனுக்கே உறைத்தது.

“அடுத்த செவ்வாய் போறன். உன்னட்டை நான் கேக்கேல்லை,” என்று சொல்லிப் போனை வைத்தேன்.