வேப்பமரத்தடியில் எடுத்த குஞ்சு

இரண்டாயிரத்து ஐந்து வாக்கில், விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பொம்மைப் பட்டறையில் வர்ணம் பூசிக்கொண்டிருந்தேன். கல்யாணமாகி ஒன்பது வருடம், குழந்தை இல்லை.

ஒரு நாள் வேலை முடிந்து கிளம்பும்போது, வாசல் வேப்பமரத்தடியில் குண்டுக்கரிச்சான் குருவியின் குஞ்சு ஒன்று பறக்கத் தெரியாமல் தத்திக்கொண்டிருந்தது. தாய் விட்டுவிட்டுப் போய்விட்டது என்று சொல்லிக்கொண்டு, சாப்பாட்டுக் கூடையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். எதை ஊட்டினாலும் அது வாயைத் திறக்கவில்லை.

காலையில் உடன் வேலை செய்யும் பாத்திமா அக்காவிடம் சொன்னேன்.

"ஆணும் பொட்டையும் இந்த மரத்தையே சுத்திச் சுத்திக் கத்துதுங்க. குஞ்சு கீழ எறங்கிட்டாலும் அதுங்க ரெண்டுந்தான் எரை குடுக்கும். நீ ஏம்மா எடுத்துட்டுப் போன?" என்றார்.

வீட்டுக்கு ஓடி, குஞ்சைக் கொண்டுவந்து மரத்தடியில் விட்டுவிட்டுத் தள்ளி நின்றேன். கொஞ்ச நேரத்தில் ஆண் குருவி புழுவோடு இறங்கியது. குஞ்சு சிறகை அடித்துக்கொண்டு வாயைப் பிளந்தது. பின்னாலேயே பெட்டையும் வந்தது.

"அழுவாத. தெரியாமத்தான செஞ்ச?" என்றார் அக்கா.

தலையாட்டினேன். ஆனால் அது உண்மையில்லை. நான் குஞ்சை எடுத்தபோதே இரண்டும் என் தலைக்கு மேல் கத்திக்கொண்டுதான் இருந்தன. அதற்கு யாருமே இல்லாமல் இருக்கட்டும் என்று ஆசைப்பட்டது நான்தான்.